எல்லாக் கேள்விக்கும் அஞ்சு

மேடம்,

இன்று காலை செம்பாக்கத்தில் ஏறிய ஒரு பெண், மடியில் சார்ட் பேப்பரை விரித்துவைத்து, ஓடுகிற வண்டியிலேயே மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தாள். அந்த வாசனை டிரைவர் சீட்டு வரைக்கும் வந்துவிட்டது. அடுத்த ஸ்டாப் ராஜகீழ்ப்பாக்கம். கால் தானாகப் பிரேக்கில் போய் நின்றது. நீங்கள் ஏறவில்லை. ஏறமாட்டீர்கள் என்று தெரிந்தும் ஐந்து நொடி நிறுத்திவிட்டு எடுத்தேன். உங்கள் கைப்பையில் எப்போதும் நாலு மார்க்கர் கிடக்கும்; அதில் ஒன்றாவது மூடி கழன்றிருக்கும். வலது கையில் இரண்டு விரல் நீலமாகவே இருக்கும். "இன்னா மேடம், சோப்பு போடவே மாட்டீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன். "போட்டா மட்டும்? பத்து மணிக்கு மறுபடி நீலம்தானே அண்ணா" என்றீர்கள்.

காலையில் அந்த வாசனை வந்ததிலிருந்து எனக்கு எரிச்சல். சாயங்காலம் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வந்தும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை, பேசுகிற ஆள். எட்டாவது வரைக்கும் படித்தவன், அதுவும் அரைப் பரீட்சை வரைக்கும்தான். ஆனால் மேடவாக்கத்தில் கிளம்பி, வண்டலூர் தாண்டி நம் இன்ஜினியரிங் காலேஜ் வரைக்கும் இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவன், ஒரு கீறல் இல்லாமல். பெருங்களத்தூர் டிராபிக் போலீஸ்காரர்கள் என் வண்டியைப் பார்த்தால் சிக்னலையே மாற்றிவிடுவார்கள். நம்ம பிரின்சிபால் முக்கியமான முடிவு எடுக்கும்போதெல்லாம் என்னைத்தான் கேட்பார்.

இதை உங்களிடம் முதல் வாரமே சொன்னேன், அப்போதும் இருபத்திரண்டு வருஷம் என்றுதான். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீங்க சொல்றத எல்லாம் நான் நாலால வகுத்துக்கறேன் அண்ணா. இருபத்திரண்டை வகுத்தா அஞ்சரை வருஷம்" என்றீர்கள். கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தான். அன்றைக்கு எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் யாரும் என்னை அதற்குமுன் அவ்வளவு சரியாக அளந்ததில்லை. அதன்பிறகு எதைச் சொன்னாலும் கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். உதடு லேசாக அசைந்தால், வகுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மேடம், எனக்குக் கோபமெல்லாம் ஒன்றில்தான். அத்தனையையும் வகுத்த நீங்கள், அந்த ஒன்றை மட்டும் ஏன் வகுக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள்?

நம் பஸ்ஸில் இடம் போட்டுவைத்த மாதிரி. முன்னால் நாலு சீட்டு ஸ்டாஃப்புக்கு. நடுவில் பெண்கள். கம்பியைத் தாண்டிப் பின்னால் பையன்கள். ஸ்டாஃப் யாரும் அந்தக் கம்பியைத் தாண்டியதில்லை. பையன்கள் ஸ்டாஃப் இறங்கும்வரை அதைத் தாண்டுவதில்லை. ஆனால் பேச்சுக்குக் கம்பி உண்டா? பின்சீட்டுப் பேச்சு அத்தனையும் கூரையில் மோதி டிரைவர் காதில்தான் வந்து விழும். எந்த சார் எப்படி நடத்துகிறார் என்று காலேஜில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. "ஸ்லைடைப் போட்டு வரிவரியா படிக்கறார் மச்சான், அதை வூட்ல நானே படிச்சுக்க மாட்டேனா?" "அட்டெண்டன்ஸ் எடுக்கவே இருபது நிமிஷம், மீதி நேரத்துல அட்வைஸ்." "அந்த மெக்கானிக்ஸ் சார் செம ஸ்ட்ரிக்ட்டுடா, ஆனா என் பேரு தெரியும் அவருக்கு. அவர் கிளாஸ கட் அடிக்க மனசே வரமாட்டேங்குது." இருபது வருஷமாகக் கேட்கிறேன். பையன்கள் சுலபமாக மார்க் போடுகிற வாத்தியார்தான் வேண்டுமென்று கேட்பதாக ஊரெல்லாம் பேச்சு. அது பொய். தன்னை ஒரு ஆளாகப் பார்க்கிறவரைத்தான் கேட்கிறார்கள்.

நீங்கள் வராத நாட்களில் உங்களைப் பற்றியும் பேசினார்கள். பின்சீட்டு கார்த்தி, எப்போதும் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டியிருப்பானே, அவன்தான் ஆரம்பிப்பான். "மேக்ஸ் மேடத்துக்கு சப்ஜெக்ட் சூப்பரா தெரியும்டா. ஆனா அவங்க போர்டுக்குப் பாடம் எடுக்கறாங்க, நமக்கு இல்ல." இன்னொருவன், "நாம பாதி எழுதறதுக்குள்ள அழிச்சுடறாங்க" என்பான். நடுசீட்டில் கிளாஸ் ரெப் நிவேதா மெதுவாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு தடவ டவுட் கேட்டேன்டி. 'இது பிளஸ் ஒன்லயே படிச்சதுதானே'ன்னாங்க. திட்டல, சாதாரணமாத்தான் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் கேக்கறதே இல்ல."

அந்த வருஷம்தான் காலேஜில் புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். செமஸ்டர் முடிவில் பசங்க போனிலேயே ஒவ்வொரு வாத்தியாருக்கும் ஒன்றிலிருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போட வேண்டும். சராசரி மூன்றரைக்குக் கீழே போனால், ஒப்பந்தத்தில் இருக்கிறவர்களை மறுவருஷத்துக்கு எடுக்கமாட்டார்கள். நீங்கள் ஒப்பந்தம். பதினோரு வருஷமாக ஒப்பந்தம்.

ஆடி மாதம் முடிந்த கையோடு ஒரு காலை, நீங்கள் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றதும் என் பக்கம் குனிந்தீர்கள். அப்புறம் கேட்டீர்கள்.

"அண்ணா, பின்னாடி என்னப் பத்தி என்ன பேசிக்கறாங்க? உண்மைய சொல்லுங்க."

சொல்லியிருக்க வேண்டும். பச்சை விழ நாற்பது நொடி இருந்தது. கார்த்தி சொன்னது ஒரு வரி, நிவேதா சொன்னது ஒரு வரி. பத்து நொடி வேலை. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் எப்படிச் சொல்ல? வாயைத் திறந்தேன், சர்க்கரை கொட்டியது.

"உங்களப் பத்தியா? ஐய, இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க! மேக்ஸ் பீரியடுன்னா பசங்க உயிர வுட்றானுங்க. போன வாரம் ஒருத்தன் ஜுரத்தோட வந்தான், 'மேடம் கிளாஸ் மிஸ் பண்ணமாட்டேன் அண்ணா'ன்னு சொல்லிகினு. ஒரே ஒரு கொறதான். கொஞ்சம் ஜோக்கு சொல்லலாமாம். சிரிக்க வச்சா போதும், மத்ததெல்லாம் டாப்பு."

கண்ணாடியில் பார்த்தேன். உதடு அசையவில்லை.

அந்த ஜுரக்காரன் உண்மையில் இருந்தான் மேடம். ஆனால் அவன் வந்தது கேன்டீன் பிரியாணிக்கு. ஜோக்கு விஷயம் முழுக்க முழுக்க என் கற்பனை. குறை ஒன்றாவது சொன்னால்தான் நம்புவீர்கள் என்று சேர்த்தேன். என் திறமையைப் பாருங்கள்.

அதிலிருந்து தினமும் கேம்ப் ரோடுக்கும் சேலையூருக்கும் நடுவில் நான் உங்களுக்கு ஒரு ஜோக் கொடுத்தேன். நீங்கள் பாட நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டீர்கள். டிரைவரும் கண்டக்டரும் எமலோகம் போன ஜோக். பல் டாக்டர் ஜோக். முதல் நாள் சாயங்காலமே பின்சீட்டில், "மேடத்துக்கு என்னடா ஆச்சு? இன்டக்ரேஷன் நடுவுல திடீர்னு திரும்பி எமலோகம்னாங்க. நான் சிலபஸ்ல புதுசா சேத்துட்டாங்களோன்னு எழுதிக்கிட்டேன்" என்றான் ஒருவன். பஸ் முழுக்கச் சிரிப்பு. நீங்கள் முன்னால் அன்றைக்கு இல்லை, நல்லவேளை. மறுநாள் உங்களிடம், "நேத்து பசங்க விழுந்து விழுந்து சிரிச்சானுங்க மேடம்" என்றேன். சிரித்தது உண்மைதானே. நீங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள். நாலு மாதம் இப்படி ஓட்டினோம்.

மார்க் போடும் கடைசி நாள் சாயங்காலம் உங்களுக்கு ஸ்டாஃப் மீட்டிங். நிவேதா உங்கள் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். போனில் சார்ஜ் இல்லை, என் பக்கத்தில்தான் சார்ஜர் இருக்கிறது. கிளாஸில் ஹாஸ்டல் பையன்களைத் தவிர மற்ற எல்லோருடைய ரெஜிஸ்டர் நம்பரும் பிறந்த தேதியும் அவளிடம் இருந்தது. அதுதான் பாஸ்வேர்டு. எல்லா கிளாஸிலும் இதுதான் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. "நீயே போட்டுடு நிவி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஹாஸ்டல்காரர்களை மட்டும் வார்டன் கம்ப்யூட்டர் ரூமில் உட்காரவைத்துப் போடச் சொல்வார். பெருங்களத்தூரில் வண்டி நகரவில்லை. அவள் முதலில் தன்னுடையதில் உங்களுக்கான மார்க்கை ஆரம்பித்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"இன்னாம்மா, மூணு போட்டுகினு கீறே?"

"'கேள்வி கேட்க ஊக்குவிக்கிறாரா'ன்னு இருக்கு அண்ணா. அதுக்கு மட்டும்தான் மூணு. மத்ததுக்கெல்லாம் நாலு, அஞ்சு."

"அஞ்சு போடு."

"நான் ஒருத்தியாவது உண்மையா போடறேனே அண்ணா. கீழ எழுதவும் இடம் இருக்கு."

எழுதியிருந்தாள். தமிழிலேயே எழுதியிருந்தாள். 'மேடம், எழுதும்போது நடுநடுவில் எங்கள் பக்கம் திரும்புங்கள். புரியவில்லை என்று எங்கள் முகத்திலேயே தெரியும்.' அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு எழுத்து இல்லை.

நான் சொன்னேன், "இதெல்லாம் எழுதாதம்மா. மேடத்து வேல போயிரும். எல்லாக் கேள்விக்கும் அஞ்சு போடு. கீழ 'வெரி குட்'னு போடு. எல்லார்துலயும் அதையே போடு."

"எல்லாத்துலயுமா?"

"மேடத்து மேல பாசம் கீதா இல்லியா உனக்கு?"

அந்தக் கேள்விக்குப்பிறகு அவள் வாதாடவில்லை. அந்த இரண்டு வரியை அழித்தாள். இரும்புலியூர் வருவதற்குள் நாற்பத்திரண்டு பேருக்கும் போட்டு முடித்துவிட்டாள். நான் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம், ஒரு கணக்கு மேடத்தின் வேலையை நான் ஒற்றை ஆளாகக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்லி, இரண்டு தட்டு சோறு அதிகமாகத் தின்றேன்.

பத்து நாள் கழித்து ராஜகீழ்ப்பாக்கத்தில் நீங்கள் ஏறியபோதே முகம் சரியில்லை.

"ரெண்டு புள்ளி எட்டு அண்ணா" என்றீர்கள். "எல்லாக் கேள்விக்கும் ஒரே மார்க் போட்டா, படிக்காம போட்டதுன்னு கம்ப்யூட்டரே தள்ளிடுமாம். நாப்பத்திரண்டு தள்ளிடுச்சு. மீதி ஹாஸ்டல் பசங்க பன்னண்டு பேரோடது மட்டும்தான் கணக்கு. ஏப்ரலோட சரி."

என் கை ஸ்டியரிங்கில் இருந்தது. கேம்ப் ரோடு ஸ்டாப்பை நிறுத்தாமல் தாண்டிவிட்டேன். ஆறு பேர் கையைக் காட்டிக்கொண்டே ஓடிவந்தார்கள்.

நீங்கள் அப்புறம் சொன்னதுதான் மோசம். "மார்க் போகட்டும் அண்ணா. தள்ளினதையும் எடுத்துக் காட்டினாங்க. நாப்பத்திரண்டுலயும் 'வெரி குட்'. ஒருத்தராவது என்ன வேணும்னு எழுதியிருக்கக் கூடாதா? பதினோரு வருஷத்துல ஒருத்தர்கூடவா எங்கிட்ட எதுவுமே கேக்க நினைக்கல?"

அன்று சாயங்காலம் சேலையூர் தாண்டி வண்டியில் நீங்கள், நான், செம்பாக்கத்தில் இறங்குகிற இரண்டு பேர். வண்டியை ஓரம் கட்டிச் சொல்லிவிட்டேன். அழித்த இரண்டு வரியைச் சொன்னேன். ஜுரக்காரனைச் சொன்னேன். ஜோக்கைச் சொன்னேன். கார்த்தி சொன்னதையும் நிவேதா சொன்னதையும் சொன்னேன். நீங்கள் கத்துவீர்கள் என்று காத்திருந்தேன். கத்தியிருக்கலாம் மேடம், எனக்கு லேசாகியிருக்கும்.

"அஞ்சு போடச் சொன்னதுக்குக் கோபம் இல்ல அண்ணா" என்றீர்கள். "நாலு மாசமா தினம் உங்களத்தான் கேட்டேன். திருத்திக்க நேரம் இருந்துது. அந்த நேரத்த எனக்குத் தரலியே நீங்க."

கொஞ்சம் கழித்து நீங்களே, "நானும் அத மட்டும் வகுக்கல. வகுக்கப் பிடிக்கல" என்றீர்கள். நான் வண்டியை எடுத்தேன்.

மறுநாள் செய்தீர்களே ஒன்று. பெருங்களத்தூர் தாண்டி வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தீர்கள். நடந்தீர்கள். நடுசீட்டுப் பெண்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். நீங்கள் கம்பியைப் பிடித்து, கம்பியைத் தாண்டினீர்கள். பஸ்ஸில் பேச்சு நின்றுபோனது. கார்த்தி இயர்போனைப் பிடுங்கிவிட்டுப் பாதி எழுந்தான்.

"எழுந்திருக்க வேணாம். நகர்ந்து உட்காரு. நான் போர்டுக்குப் பாடம் எடுக்கறேன்னு சொன்னியாமே?"

"ஐயோ மேடம், அது... யாரு மேடம் சொன்னது..."

"உண்மையா இல்லையா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "உண்மைதான் மேடம்."

"அழிக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் வேணும்?"

"ஒரு நிமிஷம் போதும் மேடம்."

"ரெண்டு நிமிஷம் மேடம், இவன் கொட்டாவி விட்டுட்டு எழுதுவான்" என்றது வேறொரு குரல்.

"அப்புறம்?"

"மேடம், கோச்சுக்காதீங்க... அந்த ஜோக் மட்டும் வேணாம் மேடம்."

"அது டிரைவர் அண்ணன் குடுத்தது" என்றீர்கள். மொத்த பஸ்ஸும் என் பக்கம் திரும்பி ஓவென்று கத்தியது. "அண்ணே, எமலோகத்துல இறக்கி விட்டுடாதீங்க அண்ணே!" வண்டலூர் வரைக்கும் விடவில்லை. அவ்வளவு அவமானம் நான் பட்டதில்லை. அவ்வளவு நிம்மதியும் பட்டதில்லை.

போகிறபோது நிவேதா பக்கத்தில் நின்றீர்கள். "பிளஸ் ஒன்ல படிச்சதுதானேன்னு சொன்னேன்ல. படிச்சதுதான். ஆனா மறந்துபோகும். எனக்கும் மறந்திருக்கு. இனிமே கேளு" என்றீர்கள். அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

ஏப்ரல் வரைக்கும் நீங்கள் பின்சீட்டில்தான் வந்தீர்கள். ஏப்ரலில் பசங்க நூற்றைம்பது பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். நான் பிரின்சிபால் ரூமுக்குள் புகுந்து மேசையைத் தட்டிப் பேசினேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொல்கிறேன்: பியூன் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டான். அரைமணி நேரம் நின்றுவிட்டு, வண்டியை எடுக்க நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். மனுவுக்கு ஒரே வரியில் பதில் வந்தது. வந்த மார்க் வந்ததுதானாம்.

மனிதரை எண்ணாகப் பார்க்கக் கூடாது என்று மேடையில் பேசுகிற காலேஜ் மேடம் இது. பசங்களும் சும்மா இல்லை. முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லமாட்டான், பின்சீட்டில் பக்கம் பக்கமாகப் பேசுவான், கேட்டால் பாஸ்வேர்டைத் தூக்கி இன்னொருத்தி கையில் கொடுத்துவிடுவான். வாத்தியார்களும் கேட்கமாட்டார்கள், கேட்டால் டிரைவரைக் கேட்பார்கள். டிரைவர் ஒரு சர்க்கரை மூட்டை. யாரைத் திட்டுவது? யாரைத் திட்டினாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறது.

அப்புறம் உங்கள் வீட்டு மாடியில் பத்துப் பதினைந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒருமுறை வந்து பார்த்தேன். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், நீங்களும் தரையில். பாதியில் நிறுத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தீர்கள். ஒரு பையனிடம், "எந்த வரியில விட்ட?" என்றீர்கள். அவன் கூச்சமே இல்லாமல் விரலை வைத்துக் காட்டினான். நம் காலேஜுக்கு வர வேண்டிய ஆள் அப்போதுதான் தயாராகியிருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டே வருஷம். போன வைகாசியில் நிவேதா போன் செய்து, "அண்ணா, மேடம்..." என்றாள். நான் மாலை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்ததையே எனக்குத் தெரியவிடவில்லை நீங்கள். தெரிந்திருந்தால் ஊரெல்லாம் பரப்பியிருப்பேன் என்று பயந்திருப்பீர்கள். நியாயம்தான்.

இப்போது ஒரு புது சார் வந்திருக்கிறார் மேடம். பிசிக்ஸ். சின்ன வயசு. சேலையூரில் ஏறுகிறார். அவரும் ஒப்பந்தம்தான். திங்கட்கிழமை கேட்டார், "அண்ணா, பசங்க என்னப் பத்தி என்ன சொல்றாங்க?"

சர்க்கரை வாய் வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கினேன். "ஸ்லைடப் படிச்சுட்டுப் போயிடறீங்களாம் சார். டவுட் கேட்டா வாட்ஸாப்புல அனுப்பறேங்கறீங்களாம், அனுப்பறதில்லியாம். ஒரு பொண்ணு ரெண்டு வாரமா காத்துகினு கீது" என்றேன். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை.

சார் முகம் சிவந்துவிட்டது. "நீங்க வண்டிய பாத்து ஓட்டுங்க" என்றார்.

மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. நாலாவது சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு வருகிறார். எனக்கு நாக்கு நமநமவென்கிறது. 'சும்மா சொன்னேன் சார், பசங்க உங்கள கொண்டாட்றானுங்க' என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், சிரித்துவிடுவார், முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். எனக்கு அது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்குத் தெரியும். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

சார் கோபமாகவே இருக்கட்டும் மேடம். மார்க் போடும் நாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.